காட்டுவதற்கு ஒரு கூரை

பழைய போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு, கம்பெனி வேனின் நடு சீட்டில் ஆம்பூருக்குப் போன காலைதான் அண்ணனை நினைக்கும்போதெல்லாம் முதலில் வருகிறது. இரண்டாயிரம் பிறந்த புதிது. அந்தக் காலத்து மானிட்டர் பின்பக்கம் குடம்போலப் புடைத்திருக்கும். பிள்ளையைத் தூக்குவதைவிடக் கனம். வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அதன் முகம் என் நெஞ்சில் இடித்தது. முன்சீட்டிலிருந்து அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பத்திரம்மா, உன்னோட கூரை அதுக்குள்ளதான் இருக்குது" என்று சிரித்தார். மானிட்டரில் எதுவும் இருப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மாவும் அவளோடு வேலை செய்த பெண்களும் அன்றைக்கு என் வேலையை முதல்முறையாகப் பார்க்கப்போகிறார்கள். வழியெல்லாம் எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

அண்ணன் என்று சொன்னாலும் அவர் எனக்கு உறவில்லை. வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, வீடுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் பிளான் போட்டுக்கொண்டிருந்த எஞ்சினியர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். நான் டிப்ளமோ முடித்து, கம்ப்யூட்டர் சென்டரில் படம் வரையும் மென்பொருளும் படித்துவிட்டு, வேலை கேட்டு அவருடைய மாடிப்படி ஏறினேன். முதல் வாரத்திலேயே ஆபீஸ் சாவியில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். காலை ரயிலில் ஆம்பூரிலிருந்து காட்பாடி, அங்கிருந்து டவுன் பஸ். அவர் வருவதற்கு முன்னால் நான் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் போய்விடுவேன். தப்பு செய்தால் கத்தமாட்டார். "மறுபடியும் பாரும்மா" என்பார், அவ்வளவுதான். அப்பா இல்லாமல் வளர்ந்த எனக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இப்போது சொன்னால் யாருக்கும் புரியாது.

எனக்குப் பிடித்தது கூரை வேலை. சுவர் எழுப்புவதும் கதவு ஜன்னல் வைப்பதும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கூரைதான் அடம் பிடிக்கும். சுவர்களைத் தேர்ந்தெடுத்து, சரிவு எத்தனை டிகிரி, சுவரைத் தாண்டி எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்று சொன்னால், மென்பொருள் தானாகவே ஒரு கூரையைக் கவிழ்த்துவிடும். பெரும்பாலும் கோணலாக. இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். ஏதாவது ஒரு மூலையில் இடைவெளி விட்டு வானம் தெரியும். ஒவ்வொரு விளிம்பாகத் தொட்டு, கோணத்தைக் கூட்டிக் குறைத்து, முகட்டை உயர்த்தி, அது சரியாக வந்து உட்காரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணனும் வேடிக்கையாகச் சொல்வார்: "கீழ நான் பாத்துக்கறேன், மேல நீ பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது ஒரு கிறிஸ்துமஸுக்குப் பிறகு. லாட்ஜ் சாப்பாட்டில் நாக்கு செத்துவிட்டது என்று அவர் சொல்ல, அம்மா, "எங்க கோயில்ல ஜெபம் முடிஞ்சதும் வந்துடுப்பா" என்றாள். வந்தார். அதன்பிறகு வராத ஞாயிறுகள் குறைவு. அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். என் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கென்று ஒரு தட்டுகூட எங்கள் வீட்டில் ஏற்பட்டுவிட்டது.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஷூவின் மேல்பகுதித் தோலை மடித்து, பசை தடவி, மிஷினில் தைக்கும் வேலை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். கோடையில் அதற்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைக்குமேல் அடுப்பு எரிவதுபோல இருக்கும். பசையின் நெடி வெளியே போக வழியில்லாமல் ஆள் உயரத்திலேயே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுவாள். நாங்கள் பேசினால் கையை மட்டும் அசைப்பாள்.

அந்தக் கம்பெனி, தையல் பிரிவை மட்டும் பள்ளிகொண்டாவுக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் வாங்கிய நிலத்துக்கு மாற்ற முடிவு செய்தது. கட்டட வேலை அண்ணனுக்கு வந்தது. அதுவரை அவர் செய்ததில் அதுதான் பெரிய வேலை. "இது உன் வேலைம்மா. மேல இன்னா வேணுமோ நீயே யோசி" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் அவரே ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த வரிசையில் சூடு ஜாஸ்தி, நெடி எந்தப் பக்கம் தேங்குது, வெளிச்சம் எந்த நேரத்தில் கண்ணில் குத்துது. அம்மா தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதையெல்லாம் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

நான் வரைந்தது ரம்பத்தின் பற்கள்போல வரிசையாக எழுந்து இறங்கும் கூரை. எஞ்சினியர்கள் அதை நார்த் லைட் என்பார்கள். ஒவ்வொரு பல்லிலும் வடக்கு பார்த்த செங்குத்துப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. தெற்கே சரியும் பக்கம் ஷீட். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் வெயில் இருக்காது. கண்ணாடிக்கு மேலே சூடும் நெடியும் வெளியேற நீளமான திறப்பு. மென்பொருளில் சூரியனை நம் ஊருக்கு மேல் நிறுத்தி, மாதம் மாதமாக ஓட்டிப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோதுதான் நம் பக்கத்தில் கத்திரி வெயில் காலத்தில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்கிறது என்று தெரிந்தது. மெல்லிய ஒரு வெயில் கோடு கண்ணாடி வழியாக இறங்கி மிஷின் மேஜைமேல் விழுந்தது. கூரையின் விளிம்பை ஒரு கை அளவு வெளியே இழுத்தேன். கோடு மறைந்தது. சின்ன வேலைதான். ஆனால் அந்த மேஜையில் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நான் அதைச் செய்தேன்.

அந்தக் கூரையைத்தான் வேனில் கொண்டுபோனோம். கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு கம்ப்யூட்டரை வைத்தார்கள். பெண்கள் டிபன் பாக்ஸ்களோடு சுற்றி நின்றார்கள். அவர்களுக்குப் புது இடம் போக மனமில்லை. இங்கே நடந்து வருகிறார்கள். அங்கே பஸ்ஸில் போக வேண்டும். ஆம்பூரிலேயே வேறு கம்பெனிகள் தையல் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. முதலாளிக்கோ கை பழகிய இந்தப் பெண்கள் வேண்டும். வரச் சம்மதம் என்று அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும்.

திரையில் கட்டடத்துக்குள் நடந்து போவதுபோலக் காட்டினேன். ஆள் உயரம் தெரிவதற்காக மென்பொருளில் இருந்த மனித உருவங்களை உள்ளே நிறுத்தியிருந்தேன். எல்லாம் கோட்டு போட்டு, கையில் பையோடு நிற்கும் வெளிநாட்டுக்காரர்கள். லைன் சூப்பர்வைசர் அக்கா முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, எங்க எடத்துல இவன் பையத் தூக்கிக்கினு நிக்கறான்?" கூடமே சிரித்தது. பிறகு கேள்விகள் வந்தன. மழை பெய்தால் கண்ணாடி ஓரம் ஒழுகுமா? பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே போகும்வரை நனைய வேண்டுமா? நான் அவர்கள் கண்ணெதிரே வாசல் பக்கத்துக் கூரையைத் தொட்டு, வெளியே இழுத்து, பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுபோனேன். "ஐயோ, நீட்டிட்டாளே!" என்று யாரோ கத்தினார்கள். இன்னொருத்தி திறப்பை இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். ஆக்கினேன். அவர்கள் கேட்கக் கேட்கக் கூரை மாறிக்கொண்டே வந்தது.

சூப்பர்வைசர் அக்கா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். "சார், இப்டியேதான் கட்டுவீங்களா?"

"இப்டியேதான்க்கா" என்றார் அண்ணன்.

அம்மா கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. "என் பொண்ணு வரைஞ்சதுக்கா. இந்தத் தம்பி எங்க வீட்டுப் புள்ள மாதிரி. நான் போறேன்" என்றாள். அந்த வாரத்திலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கட்டட வேலை ஆரம்பித்ததும் அண்ணன் என்னைக் குடியாத்தத்தில் ஒரு கல்யாண மண்டப வேலையில் உட்காரவைத்தார். சைட்டுக்கு அவரே போய்வந்தார். நான் போவது ரயிலில். நெடுஞ்சாலைப் பக்கம் எனக்கு வேலையில்லை. ஒருநாள் ரயில் ஏதோ காரணத்தால் வரவில்லை என்று வேலூர் பஸ்ஸில் ஏறினேன். பள்ளிகொண்டா வருவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடம் வந்தது. கம்பெனி போர்டும் இருந்தது. அதற்குப் பின்னால் சுவர்கள்மேல் இரும்புச் சட்டங்கள் ஏறியிருந்தன. இரண்டு பக்கமும் தாழச் சரிந்த, குடோனுக்குப் போடுவதுபோன்ற சாதாரணக் கூரைக்கான சட்டங்கள். பல் எதுவும் இல்லை. வேறு கட்டடமாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு கண்டக்டரிடம் சொல்லி இறங்கிவிட்டேன்.

சைட்டில் கம்பெனி மேனேஜர் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் என்னைப் பார்த்தவர்தான். கண்ணாடிப் பக்கம் எங்கே என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை. பிறகு புரிந்ததும் சிரித்தார். "அதுவா? அது அந்தப் பொம்பளைங்களுக்குக் காட்டறதுக்கு. ஒங்க எஞ்சினியர் கெட்டிக்காரரும்மா. தையல் செக்சன்ல இருக்கறவங்க பொண்ணு எங்க ஆபீஸ்லதான் இருக்குது, அது சொன்னா எல்லாரும் நம்புவாங்கன்னு மொத நாளே சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நாங்க வேற எஞ்சினியர் யாரையும் பாக்கல. ஒனக்குத் தெரியாதா?"

அங்கிருந்து அடுத்த பஸ் பிடித்து வேலூருக்கு எப்படி வந்தேன் என்பது நினைவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது. மேனேஜர் உளறியிருப்பார், அண்ணன் ஒரு காரணம் சொல்வார், அந்தக் காரணம் சரியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீதிப் படிகளை ஏறினேன்.

அவர் மேஜையில் இருந்தார். "அண்ணா, நார்த் லைட் இன்னாச்சு?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டார். "உக்காரும்மா. சைட்டுக்குப் போனியா?"

நான் உட்காரவில்லை. "எப்ப மாத்துனீங்க?"

"மாத்தல. மொதல்லேர்ந்தே சாதா ஷெட்டுதான். ஓனர் சொன்னதே அதான். நீ வரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நான் அந்தக் கூரையப் போட்டுக் குடுத்துட்டேன்."

"அப்ப நான் வரைஞ்சது?"

"காட்டறதுக்கும்மா. அவங்க நம்பி வரணும்ல? எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். படம் வேற, கட்டடம் வேற. நாளைக்கு நீ தனியா ஆபீஸ் போட்டா நீயும் இதத்தான் செய்வ."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணா?"

அதற்கு அவர் சொன்ன பதிலை ஒரு வார்த்தை விடாமல் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். என்னைத் தட்டிக்கொடுக்கும் குரலில்தான் அதையும் சொன்னார். "சொல்லியிருந்தா நீ அப்டி வரைஞ்சிருக்க மாட்டம்மா. உசுரக் குடுத்து வரைஞ்ச. அதனாலதான் அவ்ளோ நல்லா வந்துது."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினேன். அவர் கூப்பிடவில்லை. நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது. அந்த நிமிஷத்திலும், அவர் எழுந்து வருவாரா என்று பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை அம்மாவிடம் ஓனர் கூரையை மாற்றிவிட்டார் என்று சொன்னேன். "அந்தப் புள்ள சண்ட போட்டுப் பாத்திருக்கும்" என்றாள். நான் அவளை அப்படியே நம்ப விட்டுவிட்டேன். மறுநாள் இருவரும் சூப்பர்வைசர் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா பெண்களைச் சேர்த்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். "கையெழுத்துப் போட்டதுல கூரையப் பத்தி ஒண்ணும் இல்லியேம்மா" என்று அவர் அனுப்பிவிட்டார். அதற்குள் மற்ற கம்பெனிகள் ஆள் எடுத்து முடித்திருந்தன. பழைய ஷெட்டை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகச் சொன்னார்கள். போவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை.

புது இடத்துக்குப் போன பிறகு வந்த முதல் கோடையில் தகர ஷீட்டுக்கு அடியில் ஒரு பெண் மிஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பெஸ்டாஸே தேவலாம் என்றார்கள். பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்த பிறகு பெரிய ஃபேன்கள் வந்தன. அவை சூட்டை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளின. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்றதும்தான், காற்றில் சுற்றி உள்ளே இருக்கும் சூட்டை இழுக்கும் உருண்டைகளைக் கூரைமேல் பொருத்தினார்கள். அதன்பிறகு பரவாயில்லை என்று அம்மா சொன்னாள். கூரை மட்டும்தான் பரவாயில்லை. கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. "ஒன் பொண்ணு கட்டுன மாளிகை எப்டிக்கா இருக்குது?" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். இதை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. சூப்பர்வைசர் அக்காதான் பிறகொரு நாள் சொன்னார். "நான் போய் ஒக்காந்திருக்கணும். எனக்கும் அப்ப கோவம்தான். நீ இன்னா பண்ணுவ, ஒன்னையும்தான அந்த எஞ்சினியர் ஏமாத்தினான்" என்றார். அம்மா அந்தப் பஸ்ஸில் மூச்சிறைப்பு வந்து வேலையை விடும்வரை போய்வந்தாள்.

நான் வேறு ஆபீஸில் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து வேலூரிலேயே தனியாக ஒரு அறை போட்டேன். பெரும்பாலும் வீடுகள். கட்டப்போகாத எதையும் நான் வரைந்து காட்டுவதில்லை. "கொஞ்சம் ஜோரா காமிங்க மேடம்" என்று கேட்டுவிட்டு வேறு இடம் போனவர்கள் உண்டு. போகட்டும் என்றிருந்தேன்.

ஒருநாள் அண்ணன் அங்கே வந்தார். நெற்றி ஏறியிருந்தது, உடம்பு போட்டிருந்தது. கையில் ஸ்வீட் பாக்ஸ். இப்போது சென்னையில் ஆபீஸாம், நன்றாகப் போகிறதாம். பெரிய ஃபாக்டரிகள் செய்கிறாராம். முப்பரிமாணப் படங்களை எல்லாம் நான் வரைந்து கொடுத்தால் எனக்கும் நல்லது என்றார். "ஒன்னோட அந்த நார்த் லைட் படத்த ரிசப்ஷன்ல பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கேன். வர்றவங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

"கீழ இன்னா எழுதியிருக்கீங்க?"

"ஷூ ஃபாக்டரி, ஆம்பூர் பக்கம்னு. நாங்க கட்டினதுன்னு." சொல்லும்போது அவர் கண் என்னைவிட்டு எங்கும் போகவில்லை. தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்தப் படத்தக் கழட்டிடுங்க அண்ணா" என்றேன். "வேலையும் வேணாம்."

அவர் சிரித்து மழுப்பினார். எழுந்திருக்கும்போது, "அம்மா எப்டி இருக்காங்க? ஒரு ஞாயித்துக்கெழம வந்து அவங்க கையால சாப்புடணும்" என்றார்.

"வராதீங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஸ்வீட் பாக்ஸை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார். இந்தத் தடவை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவர் வந்ததையும் நான் வரவேண்டாம் என்றதையும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு அன்றைக்குக் கொஞ்சம் சீராக இருந்தது. "வரட்டும்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இங்க ஒக்காந்து எங்க சூடு ஜாஸ்தி, எங்க நெடி ஜாஸ்தின்னு அவ்ளோ கேட்டானே. நானும் அவ்ளோ சொன்னேனே. அப்பவே அவனுக்குத் தெரியுமா?"

பதில் எனக்குத் தெரியும். நான் மட்டும்தான் அதை அவர் வாயிலிருந்து கேட்டவள். இத்தனை வருஷமும் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்ததும் அதுதான்.

"அப்ப தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முறத்திலிருந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, "அப்டித்தான் இருக்கும்" என்றாள்.